கண்ட்ரி ஷோவில் நாய்களைப் பார்க்கப் போகிறீர்களா? தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் மே மாதம் பிறந்துவிட்டால் வார இறுதிதோறும் எங்காவது ஒரு வயலில் கூடாரங்கள் முளைத்துவிடும். கண்ட்ரி ஷோ, கவுண்டி ஷோ, டாக் டே என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நடுவில் கயிறு கட்டிய ஒரு மைதானம், சுற்றிலும் வைக்கோல் கட்டுகள், ஒலிபெருக்கி, ஐஸ்கிரீம் வண்டி. மைதானத்துக்குள் நாய்கள் ஓடும், தாண்டும், மோப்பம் பிடிக்கும், ஆடு ஓட்டும். நானும் என் நாய் முத்துவும் ஆறு ஆண்டுகளாக இந்த மைதானங்களில் ஓடிக்கொண்டிருக்கிறோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்க் குரல் கேட்டால் நானே போய்ப் பேசிவிடுவேன். அப்படிப் பேசும்போது திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள்தாம் இவை.

காலையிலிருந்து மாலைவரை நாய்களைப் பார்க்க என்ன இருக்கிறது?

நாய்களின் காட்சிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று விளையாட்டு: அஜிலிட்டி (தடை தாண்டும் ஓட்டம்), ஃப்ளைபால் (பந்தோடு தொடர் ஓட்டம்), டெரியர் ஓட்டம். இன்னொன்று வேலை செய்யும் நாய்களின் செய்முறை: ஆடு ஓட்டும் நாய், வேட்டைப் பறவையை எடுத்து வரும் நாய் (ரிட்ரீவர்), போலீஸ் நாய், மோப்ப நாய், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய். ஒவ்வொன்றும் பொதுவாக அரை மணி நேரம் போகும். மைதானத்தின் ஓரத்தில் யாரும் தங்கள் வீட்டு நாயோடு கலந்துகொள்ளக்கூடிய சின்னப் போட்டிகளும் இருக்கும்: அழகாக வாலாட்டும் நாய், வயதான நாய், நடுவர் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படும் நாய் என்று.

நான் புரிந்துகொண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய வேலை இருக்கிறது. அந்த நாயின் பாட்டனும் முப்பாட்டனும் எதற்காக வளர்க்கப்பட்டார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், வெறும் ஓட்டமாகத் தெரிந்தது வேறு ஒன்றாகத் தெரியும். கீழே உள்ள பதில்களில் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு நாய் என்றாலே நடுக்கம். அழைத்து வரலாமா?

தாராளமாக அழைத்து வாருங்கள். நம்மில் பலர் தெருநாய்க்குப் பயந்து வளர்ந்தவர்கள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்து இருந்தது. அதைத் தவிர்க்கக் கூடுதலாகக் கால் மைல் நடப்பேன். அந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. அதைக் குழந்தையிடம் கேலி செய்யாதீர்கள், ‘இதுக்கெல்லாமா பயப்படுவாங்க’ என்று சொல்லாதீர்கள்.

மைதானத்துக்குள் ஓடும் நாய்கள் கயிற்றுக்கு உள்ளேயே இருக்கும். அவை உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பயப்படும் குழந்தைக்குக் கஷ்டமாக இருப்பது வெளியே, கூட்டத்தில் வாரோடு நடந்து போகும் பார்வையாளர்களின் நாய்கள்தாம். அதனால் நாய்கள் உள்ளே வரும் வாசலுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அங்கே நடமாட்டம் குறைவு.

மூன்று விஷயங்களைச் சொல்லிக்கொடுங்கள். நாய் கிட்டே வந்தால் ஓடக் கூடாது. ஓடினால் அது துரத்தும் விளையாட்டாகிவிடும். கத்தக் கூடாது. கைகளைக் கட்டிக்கொண்டு, மரம் மாதிரி நின்று, தன் காலையே பார்க்க வேண்டும். நாய்க்குச் சலித்துப் போகும், போய்விடும். இங்குள்ள பள்ளிகளிலும் இதையே சொல்லித்தருகிறார்கள்.

தொட்டுப் பார்க்க ஆசை வந்தால் (பல குழந்தைகளுக்கு மதியத்துக்கு மேல் வந்துவிடும்) முதலில் நாயின் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் கையைக் கீழே தொங்கவிட்டபடி நில்லுங்கள். நாய் தானாக வந்து முகர்ந்தால் மார்பிலோ தோளிலோ மெதுவாகத் தடவலாம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவது பல நாய்களுக்குப் பிடிக்காது. வாரில் மஞ்சள் நாடா கட்டியிருந்தால் அந்த நாய்க்குத் தள்ளி நிற்கும் இடம் வேண்டும் என்று பொருள். அதைத் தொட வேண்டாம்.

போன கோடையில் ஒரு சிறுமி காலை முழுக்க அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். நாலு மணிக்கு ஒரு கிழட்டு லாப்ரடாரின் முதுகில் ஒரே ஒரு விரலை வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அது போதும். அவள் அப்பாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

ஆடு ஓட்டும் நாயின் காட்சியில் எதைக் கவனிக்க வேண்டும்? எனக்கு எல்லாம் ஒரே ஓட்டமாகத் தெரிகிறது.

இது எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பிரிட்டனில் பதிவான முதல் ஆட்டுநாய்ப் போட்டி 1873 அக்டோபர் 9-ஆம் தேதி வேல்ஸில் பாலா என்ற ஊரில் நடந்தது. ரிச்சர்ட் ஜான் லாயிட் பிரைஸ் என்ற நிலக்கிழார் நடத்தினார். பத்து நாய்கள் போட்டியிட, சுமார் 300 பேர் பார்த்தார்கள். நடந்தது வேல்ஸ் மண்ணில்; ஜெயித்ததோ அங்கே குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் தாம்சனும் அவருடைய ட்வீட் என்ற சின்ன நாயும். அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. இதற்கான சர்வதேசச் சங்கம் 1906-இல் உருவானது.

இப்போது காட்சிக்கு வருவோம். மேய்ப்பர் ஓரிடத்தில் நிற்பார். ஆடுகள் தூரத்தில் நிற்கும். உண்மையான போட்டியில் சில நூறு மீட்டர் தூரம் இருக்கும். ஷோவில் மைதானத்தின் மறு கோடி. நாயை அனுப்பியதும் அது ஆடுகளை நோக்கி நேராக ஓடாது. பேரிக்காய் வடிவத்தில் அகலமாக வளைந்து, ஆடுகளைக் கலைக்காமல் அவற்றின் முதுகுப் பக்கம் போய்ச் சேரும். நேராகப் போனால் ஆடுகள் எதிர்ப் பக்கம் ஓடிவிடும் என்பது அதற்குத் தெரியும்.

அங்கே போனதும் நாய் நின்று விடும், அல்லது வேகத்தை அப்படியே குறைத்துவிடும். ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும். நாய் ஒரு அடி வைக்கும். ஆடுகள் ஒரு அடி நகரும். இந்தக் கணத்துக்கு லிஃப்ட் என்று பெயர். போட்டியில் இதற்கு மட்டும் தனியாக 10 மதிப்பெண். இரண்டே விநாடிதான், ஆனால் மீதி எல்லாமே இதில்தான் இருக்கிறது. இந்த நாயை நம்பலாமா, இது நம்மை மிரட்டுமா, இதை எதிர்த்து நின்று பார்க்கலாமா என்று ஆடுகள் முடிவு செய்வது இங்கேதான். இங்கே பதறிய மந்தை கடைசிவரை பதறிக்கொண்டேதான் வரும்.

அப்புறம் கண். ஆடு ஓட்டும் பார்டர் கோலி இன நாய் உடம்பைத் தாழ்த்தி, தலையை முதுகுக்குக் கீழே இறக்கி, இமைக்காமல் பார்த்தபடி நகரும். ஓநாய் இரையைப் பதுங்கிப் பின்தொடர்வது இப்படித்தான். அந்தப் பதுங்கலை மட்டும் வைத்துக்கொண்டு, பாய்ந்து கொல்வதைத் தலைமுறை தலைமுறையாக விலக்கி எடுத்த இனம் இது. இன்றைய பார்டர் கோலிகளில் அநேகமாக எல்லாவற்றின் வம்சாவளியும் ஓல்ட் ஹெம்ப் என்ற ஒரே நாயிடம் போய்ச் சேர்கிறது. 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. குரைக்காமல், கடிக்காமல், அமைதியாக நின்றே ஆடுகளை நகர்த்தும் அதன் பாணி மேய்ப்பர்களைக் கவர்ந்தது. எல்லாரும் அதன் குட்டிகளைத் தேடி வந்தார்கள்.

மேய்ப்பர் கொடுக்கும் குரல்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘கம் பை’ என்றால் நாய் ஆடுகளைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில் போக வேண்டும். ‘அவே’ என்றால் அதற்கு எதிர்த் திசை. ‘வாக் அப்’ என்றால் நேராக நெருங்கு. ‘தட்ல் டூ’ என்றால் போதும், வந்துவிடு. தூரத்தில் இருக்கும்போது இதெல்லாம் விசிலாக மாறிவிடும். இந்த நாலும் தெரிந்தால் உங்கள் பிள்ளைகள் மேய்ப்பருக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியில் பட்டிக்குள் அடைப்பது. கதவின் கயிற்றை மேய்ப்பர் ஒரு கையில் பிடித்தபடி நிற்பார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாய், நடுவில் ஆடுகள். யாராவது ஒரு அடி தப்பாக வைத்தால் மந்தை பட்டியைச் சுற்றி ஓடிவிடும். நம் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே மந்தையை நகர்த்துவது கீதாரியின் குரலும் கோலும். நாய் இருந்தால் பெரும்பாலும் காவலுக்குத்தான். இங்கே நகர்த்தும் வேலையையே நாயிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆடுகளை இப்படி ஓட்டுவது கொடுமை இல்லையா?

நல்ல கேள்வி. போட்டியில் நாய் ஆட்டைக் கடித்தால் தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள். ஆடுகளைத் தேவையில்லாமல் ஓடவிட்டால் மதிப்பெண் போகும். ஆடுகள் நடந்து வருகின்றனவா, மூச்சிரைக்க ஓடி வருகின்றனவா என்று நீங்களே பாருங்கள். நல்ல நாயை அடையாளம் காண அதுவே போதும். சில ஷோக்களில் ஒரே ஆட்டுக் கூட்டத்தை நாள் முழுக்கப் பயன்படுத்துவார்கள். வெயில் நாளில் அவற்றுக்கு நிழலும் தண்ணீரும் இல்லாவிட்டால் அமைப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், உடனே கவனித்தார்கள்.

ஆடு இல்லாமல் வாத்தை ஓட்டினார்கள். அது ஏன்?

வாத்துகள் ஒரே கூட்டமாக நகரும், சின்ன மைதானம் போதும், குழந்தைகளுக்கும் பயமில்லை. நிமிர்ந்து நடக்கும் அந்த வாத்துக்கு இண்டியன் ரன்னர் என்று பெயர். பெயரில் இந்தியா இருந்தாலும் பூர்வீகம் இந்தோனேசியத் தீவுகள். அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரே ஆள் நீளக் குச்சியோடு மேய்த்துப் போவதைத் தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அதே கூட்ட குணம்தான் இங்கேயும். பிள்ளைகளைத் தடுப்பாக நிறுத்தி, அவர்களுக்கு நடுவே வாத்துகளை நாய் ஓட்டிப் போகும் பகுதி வந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

அஜிலிட்டி எப்படி வந்தது? மதிப்பெண் எப்படி?

இது ஒரு இடைவேளையில் பிறந்த விளையாட்டு. க்ரஃப்ட்ஸ் என்பது 1891-இல் தொடங்கிய பெரிய நாய்க் கண்காட்சி. 1978-இல் லண்டன் ஒலிம்பியாவில் அது நடந்தபோது, முக்கியப் போட்டிகளுக்கு நடுவே கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டும் என்று குழுவிலிருந்த ஜான் வார்லி யோசித்தார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியை மனத்தில் வைத்து, நாய்களுக்கு ஒன்றை அமைக்க பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரைக் கேட்டார். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. 1980-இல் நாய்களுக்கான தலைமை அமைப்பான கென்னல் கிளப் அதிகாரபூர்வமாக விதிகளோடு அங்கீகரித்தது.

நாய் ஓட, கூடவே அதை நடத்தும் ஹேண்ட்லரும் ஓடுவார். தடைகளின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும். நாய்க்கு அது முன்கூட்டித் தெரியாது. ஹேண்ட்லர் ஓடும் திசை, தோள் திரும்பும் பக்கம், கை காட்டும் இடம் ஆகியவற்றை வைத்துத்தான் அடுத்தது எது என்று நாய் கண்டுபிடிக்கிறது. அதனால் நாயை ஒரு முறையும் ஹேண்ட்லரை மட்டும் ஒரு முறையும் பாருங்கள். நாய் தவறான தடைக்குப் போனால் பத்துக்கு ஒன்பது முறை தவறு எங்களுடையதுதான். தோள் அரை விநாடி தாமதமாகத் திரும்பியிருக்கும்.

கம்பைத் தட்டிவிட்டால் 5 தவறுப் புள்ளி. தடைக்கு முன்னால் நின்று மறுத்தால் 5. மூன்று முறை மறுத்தால் வெளியே. சாய்வுப் பலகைகளின் அடிப்பகுதியில் வேறு நிறம் பூசியிருக்கும். இறங்கும்போது நாயின் ஒரு காலாவது அந்த நிறத்தில் பட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் 5. உயரத்திலிருந்து குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. அதே காரணத்தால் 18 மாதம் ஆகாத நாய் கென்னல் கிளப் போட்டியில் ஓட முடியாது. வரிசையாக நட்டிருக்கும் கம்புகளுக்கு இடையே நெளிந்து போவதுதான் கற்றுக்கொடுக்க ரொம்பக் கடினம். முத்துவுக்கு ஏழு மாதம் ஆனது.

ஃப்ளைபாலில் நாய்கள் ஏன் அப்படிக் குரைக்கின்றன? கோபமா?

கோபம் இல்லை, பொறுமையில்லை. எப்போது என் முறை என்று கேட்கின்றன. நாலு நாய் ஓர் அணி. இரண்டு அணிகள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் தொடர் ஓட்டம் ஓடும். நாலு தடைகளைத் தாண்டி, பெட்டியின் மிதியை அழுத்தி, துள்ளி வரும் டென்னிஸ் பந்தைக் கவ்விக்கொண்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். தொடக்கக் கோட்டிலிருந்து பெட்டிவரை 51 அடி. அணியில் குட்டையான நாயை வைத்தே தடையின் உயரத்தைத் தீர்மானிப்பார்கள். அதனால் மூன்று பெரிய நாய்களோடு ஒரு குட்டி டெரியரைச் சேர்த்து வைத்திருப்பார்கள், அதற்குத்தான் அணியில் ஏகப்பட்ட மரியாதை. 1970-களில் கலிஃபோர்னியாவிலிருந்து பரவியது இந்த விளையாட்டு. சத்தம் தாங்காத குழந்தை என்றால் இந்த நேரத்தில் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுங்கள்.

ரிட்ரீவர் காட்சியில் துப்பாக்கிச் சத்தம் வருமா?

வரலாம், முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்வார்கள். துணி சுற்றிய டம்மியைத்தான் எறிவார்கள், உண்மையான பறவை இல்லை. இங்கே பார்க்க வேண்டியது நாய் ஓடுவதை அல்ல, ஓடாமல் இருப்பதை. டம்மி பறக்கும், லாப்ரடாரின் உடம்பு முழுக்க நடுங்கும், ஆனாலும் பெயர் சொல்லும்வரை இடத்தைவிட்டு அசையாது. எடுத்து வந்து கையில் கொடுக்கும்போது பல் பதிந்திருக்காது. சில ஹேண்ட்லர்கள் பச்சை முட்டையை வாயில் கொடுத்து உடையாமல் வாங்கிக் காட்டுவார்கள்.

போலீஸ் நாய் ஒருவரைக் கடித்துப் பிடிப்பதைக் குழந்தைகள் பார்க்கலாமா?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பேன், முன்னதாகவே விளக்கிச் சொல்லிவிடுவேன். ‘அந்த மாமா கையில் தடிமனான கவசம் போட்டிருக்கிறார், நாய் அந்தக் கவசத்தை மட்டும்தான் பிடிக்கும், விடு என்றதும் விட்டுவிடும்’ என்று. காட்சியின் உச்சம் கடிப்பது என்று நினைப்பார்கள்; எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. முழு வேகத்தில் ஓடும் நாயை, ஆள் சரணடைந்துவிட்டார் என்று பாதி வழியில் நிறுத்துவதுதான் உச்சம். அத்தனை வேகத்தையும் ஒரு சொல்லுக்காக அடக்கிக்கொண்டு நிற்கிறதே, அதைப் பாருங்கள். பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டோ பெல்ஜியன் மாலினோவாவோ இருக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஃபின்னின் கதையைச் சொல்லலாம். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் போலீஸில் இருந்த ஜெர்மன் ஷெப்பர்ட் அது. 2016 அக்டோபரில் ஸ்டீவனேஜில் ஒருவனைத் துரத்திப் பிடித்தபோது அவன் கத்தியால் குத்தினான். தன் ஹேண்ட்லர் டேவ் வார்டெல் பக்கம் கத்தி திரும்பியபோதும் ஃபின் விடவில்லை. பிழைத்து, மறுபடி வேலைக்கும் வந்தது. ஆனால் நாயைக் குத்தியதற்கு அப்போது அவன்மேல் போடப்பட்ட குற்றச்சாட்டு பொருள் சேதம்தான். கண்ணாடி சன்னலை உடைத்தது மாதிரி. அதை எதிர்த்து நடந்த இயக்கத்தின் பலனாக 2019-இல் பணி விலங்குகளைக் காக்கும் சட்டம் வந்தது. மக்கள் அதை ஃபின் சட்டம் என்றே சொல்கிறார்கள்.

மோப்ப நாய் கண்டுபிடித்ததும் ஏன் குரைக்காமல் சிலை மாதிரி நிற்கிறது?

அது தேடுவது வெடிபொருளாக இருந்தால் காலால் பறிப்பதும் குரைத்துக் குதிப்பதும் ஆபத்து. அதனால் மூக்கை அந்த இடத்துக்கு நேராக வைத்து உறைந்து நிற்கவோ உட்காரவோ பழக்குகிறார்கள். ஷோவில் ஏழெட்டு டப்பாக்களை வரிசையாக வைத்து ஒன்றில் மட்டும் பொருளை ஒளித்துக் காட்டுவார்கள். நாயின் வால் ஆடும் வேகம் மாறுவதைக் கவனியுங்கள். நமக்கு மூக்கில் மணம் உணரும் ஏற்பிகள் 50 லட்சம் அளவில் இருக்கின்றன என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை இருக்கும். கண்டுபிடித்ததற்குக் கூலி பெரும்பாலும் ஒரு பழைய டென்னிஸ் பந்து.

2008-இல் இங்கே தொடங்கிய மெடிக்கல் டிடெக்‌ஷன் டாக்ஸ் என்ற தொண்டு நிறுவனம், சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக மாறும்போது முகர்ந்தே எச்சரிக்கும் நாய்களைப் பழக்குகிறது. நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் குறைவு. அவர்களின் கூடாரத்தைப் பார்த்தால் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள்.

வழிகாட்டி நாய்க்குச் சேணம் போட்டிருந்தால் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள். அது வேலையில் இருக்கிறது. பிரிட்டனின் முதல் நாலு வழிகாட்டி நாய்கள் 1931-இல் வாலஸி என்ற ஊரில் பயிற்சி முடித்தன. அவற்றின் பெயர்கள் ஜூடி, ஃப்ளாஷ், ஃபாலி, மெட்டா. என் அம்மாவுக்கு இந்த நாலு பெயரும் மனப்பாடம்.

நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நாய்களைப் பார்க்க முடியுமா?

அந்த இனங்களையே பார்ப்பது அரிது. ஆனால் சிப்பிப்பாறையின் உடல்வாகு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஆழமான மார்பு, கண்ணால் பார்த்துத் துரத்தும் குணம் எல்லாம் விப்பெட்டிலும் க்ரேஹவுண்டிலும் இருக்கும். அவை ஓடும் காட்சியில், மோட்டாரால் இழுக்கப்படும் பிளாஸ்டிக் பையை முயல் மாதிரி துரத்தும். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் சிப்பிப்பாறைக்கு முயல் வேட்டை இல்லை. இங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 சட்டத்துக்குப் பின் ஹேர் என்ற பெரிய காட்டு முயலை நாயை விட்டு வேட்டையாடத் தடை. இரண்டு நாட்டிலும் வேட்டை நின்றது. இங்கே அந்த ஓட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துவிட்டார்கள். நம் நாய்களுக்கும் இப்படி மைதானங்கள் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. தபால்தலையில் நிற்கும் நாய்க்கு ஓட ஒரு களமும் வேண்டுமல்லவா?

எங்கள் வீட்டு நாயையும் கொண்டு வரலாமா?

ஷோவின் விதியைப் படியுங்கள். சில பெரிய விவசாயக் கண்காட்சிகளில் அனுமதி கிடையாது. அனுமதி இருந்தால் நீளாத குட்டை வார், சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் பொறித்த கழுத்துப்பட்டை (இது பொது இடங்களில் சட்டப்படி கட்டாயம்), தண்ணீர்க் கிண்ணம், மலம் அள்ளும் பை ஆகியவை வேண்டும். ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் மிரளும் நாயை வீட்டில் விட்டு வருவதே அதற்குச் செய்யும் உதவி.

காரில் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். வெளியே 22 டிகிரி இருந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் காருக்குள் 47 டிகிரி ஆகலாம். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது போதாது.

சாப்பாடு கொண்டு போகலாமா?

பெரும்பாலான இடங்களில் கொண்டு போகலாம். புல்லில் ஜமுக்காளம் விரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவது நல்ல சுகம். ஆனால் மிச்சத்தை அங்கே போடாதீர்கள், பக்கத்து நாய்க்கு அன்போடு நீட்டாதீர்கள். வெங்காயம் போட்ட வடை, திராட்சை போட்ட கேசரி, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சை சின்ன அளவிலேயே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

நாய் கடித்துவிட்டால்? ஊசி பதினான்கு போட வேண்டுமா?

தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. வெளவால்களை விட்டுவிட்டால் பிரிட்டனின் விலங்குகளில் வெறிநோய் 1922-லிருந்து இல்லை. ஆனாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, அங்கேயே இருக்கும் முதலுதவிக் கூடாரத்துக்குப் போங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழையுங்கள். ஊருக்கு விடுமுறையில் போகும்போது நிலைமை வேறு. இந்தியாவிலோ இலங்கையிலோ சின்னக் கீறல் என்றாலும் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். இங்கே நாயோடு பழகிய பிள்ளைகள் அங்கே தெருநாயிடமும் அப்படியே கையை நீட்டுவார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பையன் பார்டர் கோலி வேண்டும் என்கிறான்.

அவன் ஆசையை நான் மதிக்கிறேன், ஆனால் பார்டர் கோலியை அடுக்குமாடி வீட்டில் முதல் நாயாக வாங்காதீர்கள். மலையில் நாள் முழுக்க ஓடவும் யோசிக்கவும் பிறந்த நாய் அது. வேலை கொடுக்காவிட்டால் தானே வேலை தேடிக்கொள்ளும்: சைக்கிளை, காரை, உங்கள் சின்னக் குழந்தையை மந்தையாகச் சேர்க்கப் பார்க்கும். பிறகு காப்பகத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அப்படி விடப்பட்ட கலப்பு கோலிதான் முத்து. இரண்டு வீடு மாறி என்னிடம் வந்தான்.

ஒரு வருடம் பக்கத்து வீட்டு நாயை நடக்கக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், மழையிலும். அப்போதும் ஆசை நின்றால் காப்பகத்தில் போய்ப் பாருங்கள். குட்டிதான் வேண்டும் என்றால் தாயோடு சேர்த்து, பிறந்த இடத்திலேயே பார்க்காமல் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்பது சட்டவிரோதம்.

நாய்க்குத் தமிழில் சொன்னால் புரியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ்க் குழந்தை இல்லை. புரியும். நாய்க்கு மொழி இல்லை, ஒலிதான். நெதர்லாந்தில் பழக்கிய போலீஸ் நாய்கள் டச்சுச் சொற்களுக்கு வேலை செய்கின்றன. சொல் குட்டையாகவும் ஒன்றோடொன்று குழம்பாமலும் இருந்தால் போதும்.

முத்து என்னிடம் வந்தபோது ஆங்கிலச் சொற்களைக் கேட்டாலே ஒடுங்கிப் போவான்; முன்பு எந்தக் குரலில் கேட்டானோ தெரியாது. அதனால் எல்லாவற்றையும் தமிழில் புதிதாகத் தொடங்கினோம். உட்கார்வதற்கு ‘இரு’. தடைக்குத் ‘தாண்டு’. சாய்வுப் பலகைக்கு ‘ஏறு’. குழாய்க்கு ‘நுழை’. நெளிந்து போகும் கம்புகளுக்கு ‘நெளி நெளி நெளி’. நான் ஓடிக்கொண்டே கத்துவதைக் கேட்டு, பக்கத்து ரிங்கில் ஓடும் யார்க்ஷயர் பாட்டி ஒருவர் தன் நாய்க்கும் ‘நுழை’ சொல்லிக்கொடுத்துவிட்டார். ழகரம் எங்கள் இருவரையும்விட அவருக்கு நன்றாக வருகிறது. எங்களை மைதானத்தில் பார்த்தால் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ‘முத்து’ என்று கூப்பிடுங்கள். ஓடி முடித்த பிறகு கூப்பிட்டால் வருவான். ஓடும்போது கூப்பிட்டாலும் வந்துவிடுவான், அதனால் பிறகு.